அத்தை வைத்த பனைவரிசை

நம்மில் பலர் இப்போது பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறோம். பெரிய குறை ஒன்றும் இல்லை. நேரத்துக்குச் சோறு வருகிறது, மாத்திரை வருகிறது. ஆனாலும் இன்னொரு வாய் டீ வேண்டுமென்றால் கேட்பதற்குக் கொஞ்சம் யோசிக்கிறோம். மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்ல யோசிக்கிறோம். போன வாரம் மருமகள் என்னைப் பார்த்து, “ஏன் அத்தை, இப்பல்லாம் நீங்க பேசறதே இல்ல?” என்று கேட்டாள். நல்ல மாதிரியாகத்தான் கேட்டாள். எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் குப்பம் எண்ணூர்ப் பக்கம். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். நைனா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தெருதான் கடைசித் தெரு. அதற்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல் கிடந்தது. அதில் கட்டுமரங்களை ஏற்றி வைப்பார்கள், வலை காயும், நாங்கள் பாண்டி ஆடுவோம். இன்றைக்கு அங்கே போய் அந்த மணலைத் தேடினால் கிடைக்காது. கருங்கல்தான் இருக்கிறது. அந்த மணலில் வெறுங்காலோடு ஓடியவர்களுக்குத்தான் நான் சொல்வது முழுசாகப் புரியும். மத்தியான வெயிலில் மேலே சுடும். காலைப் புதைத்தால் உள்ளே சில்லென்று இருக்கும்.

அத்தை நைனாவின் அக்கா. வடக்கே கொஞ்ச தூரத்தில் இன்னொரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமா சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருந்தார், அத்தை மீன் விற்றாள். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு அவள் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். தெருமுனையில் கூடையோடு திரும்பும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிடும். “ஏம்மே, ஒல கொதிக்குதா இல்லியா? கவள மீனு கீது, கொண்டாந்துகீறேன்” என்பாள். அம்மாவுக்கு அந்தக் குரல் கொஞ்சம் எரிச்சல்தான். நாத்தனார் அதிகாரம் செய்கிறாள் என்று முணுமுணுப்பாள்.

அந்த வருடம் ஆடியில் கடல் பொங்கியது. அத்தையின் குப்பத்தில் முதல் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சனங்கள் சாமான்களை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அத்தை டிரங்குப் பெட்டியை எடுக்கத் திரும்பவும் வீட்டுக்குள் போயிருக்கிறாள். பின்சுவர் சாய்ந்து அலை அவளை வாரிக்கொண்டு போய்விட்டது. மாமாவும் இன்னும் சிலரும் கயிறு வீசி அவளை இழுத்தார்கள். பெட்டி போனது, வீடு போனது, கட்டுமரம் போனது. அத்தை மட்டும் வந்தாள்.

அன்று சாயங்காலம் மாமா அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேர் உடம்பிலும் ஈரத் துணி. மாமா கையில் மூடி இல்லாத ஒரு அலுமினியக் குண்டான். அதை எதற்காக எடுத்து வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

அம்மா உள்ளே ஓடினாள். தன் புடவையை எடுத்துக் கொடுத்தாள். பின்கட்டில் அத்தைக்குத் தலைக்கு ஊற்றினாள். தண்ணீர் மொண்டு கொடுக்க நானும் கூட இருந்தேன். அத்தையின் முன்கை இரண்டிலும், கழுத்துக்குக் கீழேயும், ரம்பத்தால் கீறிய மாதிரி கோடு கோடாகத் தோல் கிழிந்திருந்தது. சுவர் உரசிவிட்டது என்று அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினாள். எரிந்திருக்கும். அத்தை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் பேசவில்லை.

யார் இழுத்தார்கள், யார் கயிறு வீசினார்கள் என்று தெருவில் பல நாள் அதே பேச்சாக இருந்தது. கயிறு வரும் வரைக்கும் அத்தை எப்படி அங்கே நின்றாள் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மாமா காசிமேட்டில் யாரோ ஒருவருடைய படகில் கூலிக்குப் போனார். வாரத்தில் ஒருநாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். அத்தை எங்கள் வீட்டு மூலையில் ஒரு பாயை மடித்து வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் பெருக்கினாள். தண்ணீர் பிடித்தாள். சோறு போட்டால் சாப்பிட்டாள். போடாவிட்டால் தட்டை எடுக்க மாட்டாள். அம்மா வெளியே போயிருந்த ஒருநாள் அவள் சாயங்காலம் வரை சாப்பிடாமலே இருந்தாள். பானையில் சோறு இருந்தது. அம்மா திரும்பி வந்து பார்த்துவிட்டு அழுதாள்.

“புத்தி கலங்கிட்ச்சி” என்றார் நைனா. “கடல் அறைஞ்சதுல மூள கலங்கிட்ச்சி.”

“காத்து கருப்பு அண்டிகீது” என்றாள் அம்மா.

கலக்கம் என்றும் காத்து கருப்பு என்றும் இரண்டு கட்சியாகத் தெருவே பிரிந்து பேசியது. கடைசியில் ராயபுரத்தில் ஒரு தர்காவுக்குப் போவதென்று முடிவானது. ஆவணி பிறந்திருந்தது. பஸ்ஸில் நான் அத்தை மடியோரம் நின்றேன். தர்காவில் சாம்பிராணிப் புகை. அங்கிருந்த பெரியவர் தண்ணீரில் ஓதிக் கொடுத்தார், கையில் கறுப்புக் கயிறு கட்டினார். அத்தை எல்லாவற்றுக்கும் கையை நீட்டினாள். குழந்தை ஊசிக்குக் கை நீட்டுகிற மாதிரி.

திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் சுட்ட பனம்பழம் விற்றுக்கொண்டிருந்தாள். கரி அடுப்பில் பழம் வேகிற வாசனை தெரு முழுக்க அடித்தது. தின்றவர்கள் நாரைச் சப்பிவிட்டுக் கொட்டைகளைச் சாக்கடை ஓரம் எறிந்திருந்தார்கள். அத்தை அங்கே போய்க் குந்தினாள். ஒவ்வொரு கொட்டையாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

நைனாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “இன்னாக்கா இது? எவனோ சப்பிப் போட்ட எச்சக் கொட்ட. நாலு பேரு பாக்கறாங்க, எயுந்திரு.”

அத்தை எழுந்திருக்கவில்லை. பழம் விற்ற அம்மாள்தான், “உடுங்க, எடுத்துக்கட்டும். கெயங்கு போடறதுக்கா?” என்று கேட்டு, தன் கூடைக்குப் பின்னால் குவிந்திருந்ததையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தாள்.

கிழங்கு போடுவதற்கு. அந்தச் சொல்லை அம்மா பிடித்துக்கொண்டாள். அத்தைக்குப் பனங்கிழங்கு என்றால் உயிர் என்று அவளுக்குத் தெரியும். ஆவணியில் கொட்டையைப் புதைத்தால் தையில் கிழங்கு. பொங்கலுக்குத் தின்னலாம். பஸ்ஸில் அம்மா நைனாவின் காதில் சொன்னாள்: “ஒரு ஆச வந்துகீது பாரு. ஓதிக் குடுத்த தண்ணி வேல செய்து.”

மறுநாள் அத்தை கொட்டைகளை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனாள். கிழங்குக்குப் போடுகிறவர்கள் ஒரே இடத்தில் மேடு கட்டி நெருக்கமாகப் புதைப்பார்கள். அத்தை அப்படிச் செய்யவில்லை. எங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து தொடங்கி, கடலுக்குப் பக்கவாட்டில், ஆள் படுக்கிற அளவு இடம் விட்டு ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டே போனாள். அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை. கொட்டை தீர்ந்ததும் கழிமுகத்தைப் படகில் கடந்து வள்ளூர்ப் பக்கம் இருந்த பனந்தோப்புக்குப் போனாள். கூடை நிறைய எடுத்து வந்தாள். பல நாள் இப்படிப் போய் வந்தாள். கை, வாய், புடவை எல்லாம் பனம்பழ மஞ்சள்.

தெரு அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. பிள்ளை இல்லாதவள், மரத்தைப் பிள்ளையாக நினைத்துப் புதைக்கிறாள் என்றார்கள். பனையில் முனி இருக்கும், வீட்டுக்கு எதிரே வைக்கக் கூடாது என்றார்கள். “கெயங்குதான, தையில புடுங்கிடப் போறோம்” என்று அம்மா எல்லோருக்கும் பதில் சொன்னாள்.

மழைக்காலம் வந்தது. கூரை ஒழுகிய இடங்களில் பாத்திரம் வைத்தோம். மாமா கொண்டு வந்த குண்டானும் அதில் ஒன்று. மழை விட்ட நேரமெல்லாம் அத்தை மணலில் நடந்து பார்த்துவிட்டு வருவாள். மேலே ஒன்றும் தெரியாது. பனை முதலில் கீழேதான் போகும். ஆழமாக இறங்கிக் கால் ஊன்றிய பிறகுதான் ஓலை மேலே எட்டிப் பார்க்கும். அத்தை வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தெரு பார்த்துக்கொண்டு நின்றது.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் மாமா வந்து, குடியிருக்க யாரோ இடம் பார்த்துச் சொல்லியிருப்பதாக அத்தையைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். அம்மா இந்தச் சமயத்துக்காகத்தான் காத்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கடப்பாரையோடு மணலில் இறங்கினாள். வெயிலில் வேர்த்து ஊற்ற இரண்டு பேரும் தோண்டினார்கள். வெள்ளையும் பழுப்புமாக, விரல் பருமனில், நீளமாகக் கிழங்குகள் வந்தன. ஒன்றும் உடையாமல் எடுக்க வேண்டுமென்று அம்மா கடைசியில் கையாலேயே மணலை வாரினாள். நகமெல்லாம் தேய்ந்துவிட்டது.

பொங்கல் அன்று சாயங்காலம் மஞ்சளும் உப்பும் போட்டுக் கிழங்கை வேக வைத்தாள். அந்த வாசனை உங்களுக்குத் தெரியும். மண்ணும் மாவும் சேர்ந்த ஒரு வாசனை. அத்தை இடம் சரிப்படாமல் காசிமேட்டிலிருந்து திரும்பிக் கை கால் கழுவி உள்ளே வந்ததும், அம்மா அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, தட்டு நிறைய கிழங்கை முன்னால் வைத்தாள்.

“துன்னு அண்ணி. உனக்கோசரம்தான்.”

அத்தை தட்டைப் பார்த்தாள். ஒரு கிழங்கை எடுத்தாள். தோலை உரித்தாள், இரண்டாகப் பிளந்தாள், நடுவில் இருக்கும் தும்பை உருவிப் போட்டாள். ஒரு பாதியை என் கையில் வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

“அல்லாத்தையும் புடுங்கிட்டியா?”

குரல் கரகரவென்று வந்தது. பல மாதம் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மாதிரி.

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் புரியவில்லை. வாசலுக்கு ஓடினாள். “தா, இங்க வா, அண்ணி பேசிட்ச்சி, அண்ணி பேசிட்ச்சி” என்று நைனாவைக் கூப்பிட்டாள். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தவர்களிடமும் சொன்னாள். திரும்ப உள்ளே வந்து அத்தை முகத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வி அவள் காதில் ஏறியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“கெயங்குக்குதான வச்ச?”

“இல்லம்மே. மரமாவட்டும்னு வச்சேன்.”

“மரமா? இங்கியா? அது நொங்கு உடறதுக்குள்ள இந்தக் கொயந்தைக்குக் கல்யாணம் ஆய்டும் அண்ணி.”

“ஆவட்டும்.”

நைனா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். “எதுக்குக்கா?” என்று கேட்டார். அதட்டலாக இல்லை. தம்பி அக்காவைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். யாராவது ஆடியிலேயே அப்படிக் கேட்டிருக்கலாம்.

அத்தை சொன்னாள். சுவர் விழுந்து அலை இழுத்தபோது கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதில் போய் மோதினாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள். அலை வருகிறபோதெல்லாம் தலைக்கு மேலே தண்ணீர், போகிறபோது மூச்சு. கயிறு வரும் வரைக்கும் அப்படியே இருந்தாள். பனைமட்டையின் கருக்கு உடம்பைக் கிழித்ததுகூட அப்போது தெரியவில்லை. பக்கத்தில் அவள் கண்ணெதிரே வீடுகள் கரைந்தன. பனை நின்றது.

“இந்தத் தெருவுல ஒண்ணுமே இல்ல. வெறும் மணலு” என்றாள். “நாளைக்கு இங்க வந்தா, புடிச்சிக்க ஒண்ணு வோணும்ல.”

அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தழும்பாகிப்போன அந்தக் கோடுகளை விரலால் தடவினாள். சுவர் உரசியது என்று அவளாகவே முடிவு செய்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அத்தை பெரிய கிழங்காக ஒன்றை எடுத்து உரித்து அம்மாவிடம் கொடுத்தாள். “துன்னு. வெந்தது வெந்துட்ச்சி” என்றாள். அழுதுகொண்டே அம்மா தின்றாள்.

ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று அம்மா பிற்பாடு அவளிடம் கேட்டிருக்கிறாள். “வாயத் தொறந்தா எதனா கேட்டுடுவேனோன்னு பயம்மே” என்றாளாம் அத்தை. “வந்து குந்திகினதே பெருசு. இதுல மோரு குடு, ஒரு பொடவ குடுன்னு வேற கேப்பாங்களா?” அம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. மகன் வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது இப்போது தோன்றுகிறது. சம்பாதித்து, அதட்டி, கூடை சுமந்து வாழ்ந்தவளுக்கு, மடித்த பாயில் உட்கார்ந்து பிறர் கையைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும். புத்தி கலங்கியது என்றோம், காத்து கருப்பு என்றோம். பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. இருந்தும் தோன்றவில்லை.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு அத்தையின் குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முதலில் மோர் கேட்டாள். பிறகு குழம்பில் புளி அதிகம் என்றாள். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், ஏதோ விருது கிடைத்த மாதிரி.

வரிசையின் கடைசியில், கட்டுமரங்கள் கிடந்ததால் அம்மாவின் கடப்பாரை எட்டாமல் போன சில கொட்டைகள் பங்குனியில் ஓலை விட்டன. பச்சைக் கத்தி போல ஒற்றை ஓலை. முதலில் பார்த்தது அம்மாதான். ஓடி வந்து அத்தையைக் கூட்டிப் போனாள். இரண்டு பேரும் சேர்ந்து முள் வெட்டி வந்து ஆடு மேயாமல் வேலி போட்டார்கள்.

அடுத்த ஆவணியில் இருவருமே வள்ளூருக்குப் புறப்பட்டார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள். அம்மாவுக்குப் படகு என்றால் பயம். கழிமுகத்தைக் கடக்கும் வரை அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தோப்புக்குள் நுழைந்ததும் அந்த மணம். கறுத்த பழங்கள் தரையெல்லாம் விழுந்து கிடந்தன. ஒன்றை எடுத்துக் கல்லில் அடித்துப் பிளந்து மூன்று பேரும் சப்பினோம். நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். மூக்கு நுனி வரை மஞ்சள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பும்போது கூடையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள்.

வாசலில் நைனா நின்றிருந்தார். “ஒர்த்திக்குதான் புத்தி கலங்கிட்ச்சின்னு நென்ச்சேன்” என்றார்.

“இன்னொரு கூட கீது படகுல” என்றாள் அம்மா. “போய்த் தூக்கினு வா.”

நைனா போனார்.

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். பார்ப்பதற்கும் பொறுமை வேண்டும். முதல் சில வருடங்கள் பனை மரமாகவே தெரியாது. தரையோடு விசிறி விரித்த மாதிரிதான் இருக்கும். சிலதை ஆடு தின்றது. இன்னொரு ஆடியில் கடல் வந்து ஒரு பகுதியைக் கொண்டு போனது. பிறகு கரைக்குக் கல் கொட்ட வந்த லாரிகள் ஏறி நிறைய நசுங்கின. அத்தையின் கணக்குப்படி எல்லாம் நின்றிருந்தால் அது ஒரு கோட்டைச் சுவர் மாதிரி இருந்திருக்கும். நின்றது கொஞ்சம்தான். அவை கடலைத் தடுத்தன என்று நான் சொல்ல மாட்டேன். கடலைத் தடுத்தது கல்தான்.

அத்தைக்கும் மாமாவுக்கும் தண்டையார்பேட்டையில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. புறப்படும்போது அத்தை அம்மாவிடம், “ஆடு வராத பாத்துக்கம்மே” என்றாள். அம்மா தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தாள். எனக்குக் கல்யாணமாகி, என் மகன் பிறந்த பிறகுதான் மரங்கள் பாளை விட்டன. சிலது ஆண், சிலது பெண். முதல் நுங்கை நைனா ஆள் வைத்து இறக்கினார். அத்தையும் அம்மாவும் மரத்தடியில் உட்கார்ந்து கட்டை விரலால் தோண்டித் தின்றார்கள். கொஞ்சம் முற்றிவிட்டது என்று அத்தை குறை சொன்னாள். அம்மா முதலில் போனாள். ஒரு வருடம் கழித்து அத்தையும் போனாள்.

போன மாதம் காத்திவாக்கத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் மகனிடம் சொல்லி வண்டியை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி எழும்பியிருக்கிறது. கருங்கல் சுவரை ஒட்டி, லாரிப் புழுதியைப் பூசிக்கொண்டு, பனைகள் நின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி ஒரு பெண் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். இளவயது, இடுப்பில் குழந்தை.

“யாரு வச்ச மரம்மா இது?” என்று கேட்டேன்.

“யாரும் வெக்கல ஆயா. அது பாட்டுக்கு மொதல்லேந்தே கீது.”

“எங்கம்மாவும் எங்க அத்தையும் வச்சது.”

அவள் கையில் இருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நெஜமாவா? வெயில்ல நிக்காத, இப்டி வந்து குந்து” என்று பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்காமலே இன்னொரு டம்ளரும் கொடுத்தாள்.

“அவங்க பேரு இன்னா?” என்று கேட்டாள்.

சொன்னேன். மேலே காற்றில் ஓலைகள் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள். இரண்டு பேரின் பெயரையும் இன்னொரு தடவை, உரக்கச் சொன்னேன்.